பனி உருகாத ஆறடி

1

என் அண்ணன் அருளப்பன் இருந்தவரை, என்னைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்: "தம்பி கனடாவுல கோல்ஃப் ஆட்ற எடத்துல இருக்கறான்." கேட்டவர்களில் பாதிப் பேர் நான் கோல்ஃப் ஆடுகிறேன் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் அந்த இடமே என்னுடையது என்று நினைத்தார்கள். அண்ணன் இரண்டு கூட்டத்தையும் திருத்தவில்லை. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் இன்னும் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்தால் அதற்கு அவர்தான் காரணம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே புல் வெட்டுகிறவன். பதினெட்டுக் குழி கொண்ட மைதானம். குழி என்றால் ஒரு சொம்பு இறங்குகிற அளவுக்குத்தான் இருக்கும், பந்து அதில் விழவேண்டும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லுக்குக் கிரீன் என்று பெயர். கிரீன் வரைக்கும் நீளமாகப் போகிற புல்வெளிக்கு ஃபேர்வே என்று பெயர். இந்த இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும், என் பிழைப்பு முழுவதும் உங்களுக்குத் தெரிந்த மாதிரிதான்.

ஊரில் ஐப்பசி மழை பிடிக்கிற நேரத்தில் நாங்கள் இங்கே மைதானத்தை மூடத் தொடங்குவோம். கொடிக் கம்புகளைப் பிடுங்கி ஷெட்டில் அடுக்குவோம். குழிகளை அடைப்போம். கிரீன்களின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துப் போர்த்தி, காற்றில் பறக்காமல் ஓரத்தில் ஆணி அடிப்போம். முதல் வருஷம் அந்த வேலையைச் செய்த அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். பதினெட்டு இடத்தில் கோடித்துணி போர்த்திவிட்டு மதியச் சாப்பாடு சாப்பிடுவதென்றால் சும்மாவா?

அதைவிட மோசம் தண்ணீர்க் குழாய் வேலை. பூமிக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் மிச்சமிருந்தால் உறைந்து வெடித்துவிடும். அதனால் கம்ப்ரஸர் வைத்துக் காற்றை ஏற்றுவோம். நான் ஒரு மூலையில் நின்று வால்வைத் திறப்பேன். ஆளே இல்லாத மைதானத்தில் ஸ்பிரிங்க்ளர்கள் தூரத்தில் ஒவ்வொன்றாகத் தலை தூக்கும். முதலில் தண்ணீர் வரும், பிறகு தண்ணீரும் காற்றும் கலந்து வரும், கடைசியில் வெறும் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சு நிற்கும்வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இந்த வருஷம் அந்த வேலைக்குப் போன ஒரு காலையில்தான் அதைப் பார்த்தேன். ராத்திரி உறைபனி விழுந்து மைதானம் முழுவதும் வெளுத்திருந்தது. வெயில் ஏறியதும் பனி உருகிப் பச்சை திரும்பியது. பதினான்காவது ஃபேர்வேயின் நடுவில் மட்டும் ஓர் இடம் வெள்ளையாகவே கிடந்தது. நான்கு பக்கமும் நேர்க்கோடு. காலடி வைத்து அளந்தேன். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். உள்ளே தரை லேசாக இறங்கியிருந்தது.

ஆறு வருஷமாக அந்த ஃபேர்வேயில் புல் வெட்டுகிறேன். அங்கே பள்ளம் கிடையாது. என்னால் சத்தியம் செய்ய முடியும்.

2

அண்ணன் ஆகஸ்டில் போனார். தக்காளித் தோட்டத்துக்குப் போனவர், நெஞ்சை அடைக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கையில் இல்லாமல் இந்த நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே வருவது பெரும்பாடு. அவசரம் என்றால் தனியாக ஒரு மனு போடலாம் என்றார்கள். என் மகள் ஜெசிந்தாதான் கம்ப்யூட்டரில் மனுவை நிரப்பினாள். அவளுக்குப் பதினைந்து வயது. ஐந்து வயதில் இங்கே வந்தவள். "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்குதுப்பா. பிரதர்னு போட்டா, அதுக்குக் கீழ 'நெருங்கிய குடும்பமா'ன்னு இன்னொரு கேள்வி வருது. நெருக்கமா?" என்று கேட்டாள். அவள் கிண்டல் செய்யவில்லை. அவளுக்குத் தெரியாது, அதனால் கேட்டாள். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைத் திட்டிவிட்டேன்.

இறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மாற்றி முத்திரை வாங்கி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். முத்திரை தெளிவாக இல்லை என்றார்கள். மறுபடி அனுப்பினோம். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். இன்றைக்கும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

அடக்கத்தை செல்போனில் பார்த்தேன். பெட்டியைக் கயிற்றில் இறக்குகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. நான்கு பேர் குனிந்தபடி நின்றார்கள், அசையவில்லை. நான் போனைத் தட்டிப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் ஓடினேன். படம் மறுபடி அசைந்தபோது எல்லாரும் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் உள்ளே போனதை நான் பார்க்கவே இல்லை.

அக்டோபரில் அண்ணி கூப்பிட்டார். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தவர். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை சீவிவிட்டவர்.

"தம்பி, ஒங்க அண்ணன் மேல இருந்த மண்ணு எறங்கிப்போச்சு. மழ ஜாஸ்தி. ரெண்டு சாண் பள்ளம், தண்ணி நிக்குது."

"எல்லாத்துக்கும் எறங்கறதுதானுங்கண்ணி."

"எறங்கறது தெரியும். கல்லறத் திருநாளுக்கு மின்ன மண்ணு போடணும். நீ வந்து போட்றியா, இல்ல கூலிக்கு ஆள் வெச்சிப் போட்டுக்கட்டுமா?"

எங்கள் தெரு வேதக்காரத் தெரு, எல்லாரும் கிறிஸ்தவர்கள். அங்கே குழி வேலைக்குக் கூலி என்பதே கிடையாது. வெட்டுவது, மூடுவது எல்லாம் தெரு ஆண்களின் வேலை. புதுக்குழி முதல் மழைக்கு இறங்கினால், முதல் கூடை மண்ணை மகன் போடவேண்டும், மகன் இல்லையென்றால் கூடப்பிறந்தவன் போடவேண்டும். அண்ணனுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். கூலிக்கு ஆள் வைக்கட்டுமா என்று அண்ணி கேட்டது, ஊரே பார்க்க என்னைச் செருப்பால் அடித்த மாதிரி.

"திருநாளுக்குள்ள எப்படியாச்சும் வந்துடறேனுங்கண்ணி" என்றேன். வர முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும்.

3

எங்கள் மைதானத்துக்கு மேலாள் டெரிக். ஐம்பது தாண்டியவர், நல்ல மனுஷன். பிலவேந்திரன் என்ற என் பெயரைச் சொல்ல இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு 'பில்' என்று முடித்துக்கொண்டார். பதினான்கில் ஒரு பள்ளம் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அது எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று சொல்லவில்லை.

"கடைசி வாரம் ஆட வருகிறவர்கள் காலை ஒடித்துக்கொள்ளப் போகிறார்கள். நிரப்பி மட்டம் பண்ணிவிடு" என்றார்.

சின்ன வண்டியில் மண் கொண்டுபோய்க் கொட்டினேன். பலகையால் இழுத்து, மிதித்து, மட்டம் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அது ஒரு சாண் இறங்கியிருந்தது. மழை இல்லை. பனி அதே ஆறடிக்கு இரண்டரை அடியில் வெள்ளையாகக் கிடந்தது. மறுபடி நிரப்பினேன். மூன்றாம் நாளும் இறங்கியிருந்தது. எவ்வளவு மண் போனது என்று டெரிக் கேட்டபோது, குறைத்துச் சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரோ நம்பிக்கையாகச் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது மாதிரி ஓர் எண்ணம்.

மூன்றாம் நாள் நிரப்பும்போது நான் வேலையைக் கவனிக்கவில்லை. அண்ணியின் குரல்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து நிமிர்ந்தேன். எதிரே ஒரு மேடு இருந்தது. முழங்கால் உயரம், இரண்டு பக்கமும் சரிவு, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி வழவழப்பாக்கிய மேடு. இறங்கிய கல்லறையை எங்கள் ஊரில் யாரும் மட்டம் பண்ணமாட்டார்கள். மழை வழிந்து ஓடவேண்டும் என்று உயர்த்தித்தான் கட்டுவார்கள். என் கைக்கும் அந்த ஒரு வழிதான் தெரிந்திருக்கிறது. நான் அதன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். சிலுவை போட்டு முடித்த கை இன்னும் நெஞ்சிலேயே இருந்தது.

கோல்ஃப் வண்டியில் வந்த ஒரு பெரியவர் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளப் பக்கம் போனார்.

அரை மணி நேரத்தில் டெரிக் வந்தார். மேட்டை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பில், இது என்ன?"

"பள்ளத்தை நிரப்பினேன்."

"நீ நிரப்பவில்லை. நீ யாரையோ புதைத்திருக்கிறாய்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பும் போய்விட்டது. இந்த மைதானம் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய பண்ணையாக இருந்தது என்றார். அந்தக் காலத்துப் பண்ணைக்காரர்கள் சில பேர் சொந்த நிலத்திலேயே புதைத்துக்கொள்வார்களாம். எலும்பு கிடைத்தால் போலீசுக்குச் சொல்லவேண்டும், வசந்தத்தில் மைதானம் திறக்காது. திறக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை. நாமே மெதுவாகத் தோண்டிப் பார்த்துவிடலாம் என்றார்.

4

இரண்டு பேரும் மண்வெட்டியோடு இறங்கினோம். மேல்மண் போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அண்ணனும் தெருவில் எத்தனையோ பேருக்குக் குழி வெட்டியிருக்கிறோம். தொடாத மண் இறுகி ஒரே நிறமாக இருக்கும். ஏற்கெனவே ஒருமுறை வெட்டி மூடிய மண் கலந்து, பொலபொலவென்று இருக்கும். கடப்பாரை அப்படி வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், "ஆள் இருக்குது, தள்ளி வெட்டு" என்பார் அண்ணன். இங்கே அந்த நேர்க்கோட்டுக்கு வெளியே களிமண் கல் மாதிரி இருந்தது. உள்ளே கலந்த மண், பொலபொலப்பு.

"இதை முன்பு யாரோ வெட்டியிருக்கிறார்கள்" என்றேன்.

டெரிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு கையால்தான் மண்ணை அள்ளினோம். இடுப்பளவு போனது. அதற்கும் கீழே போனது. நாலடிக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில் இறுகிய தரை தட்டியது. மட்டமாக, சுத்தமாக இருந்தது. ஒரு எலும்பு இல்லை, ஆணி இல்லை, மக்கிய பலகைத் துண்டுகூட இல்லை.

"ஒன்றுமே இல்லை!" என்று டெரிக் என் முதுகில் அடித்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "எவனாவது கிணறு தோண்டப் பார்த்துவிட்டு விட்டிருப்பான்."

ஆறடிக்கு இரண்டரை அடியில் யார் கிணறு தோண்டுவார்கள்? எலும்பு கிடைத்திருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். ஒரு செபம் சொல்லி மூடியிருப்பேன். ஒன்றும் இல்லை என்றதும்தான் அவசரமாக மேலே ஏறினேன். யாரோ ஒருவருக்கு அளவெடுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்த ஆள் வரவில்லை. வெட்டியவர்கள் திரும்ப மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை காலம் இது காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

கிளப் மேனேஜர் ஒரு தடவை பார்க்கவேண்டும், நாளைக்கு மூடலாம் என்று டெரிக் சொன்னார். நான்கு கம்பு நட்டு மஞ்சள் நாடாவைச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எங்கள் ஊரில் வெட்டிய குழியைக் காலியாக விட்டுவைக்கமாட்டார்கள். ஒருமுறை, பெங்களூரிலிருந்து மகன் வரவேண்டும் என்று ஓர் அடக்கம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அண்ணன் தன் கடப்பாரையைக் குழிக்குள் படுக்கவைத்துவிட்டு வந்தார். நான் ஏன் என்று கேட்டதற்கு, "காலியா கெடந்தா ஆள் தேடும்டா" என்றார். நான் அவரைக் கேலி செய்தேன். காரிமங்கலம் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியெல்லாம், "ஒன் கடப்பாரைக்கு யாரு திதி குடுக்கறது" என்று கேட்டு அவர் உயிரை வாங்கினேன்.

அன்று சாயங்காலம் யாரும் பார்க்காதபடி ஷெட்டுக்குப் போய் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துவந்தேன். குழியின் நடுவில், நீளவாக்கில், தலைமாடு கால்மாடு பார்த்துப் படுக்கவைத்தேன்.

5

மறுநாள் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஊரில் அன்றைக்கு எல்லாரும் சாயங்காலம் மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போவார்கள். அந்த நேரம் இங்கே காலை. குழியை மூடிவிடச் சொல்லி டெரிக் செய்தி அனுப்பியிருந்தார். மைதானத்துக்குப் பின்னால்தான் எங்கள் வாடகை வீடு. போனை மேஜையில் மறந்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மறந்தேன் என்று சொல்வதும் பாதிப் பொய். அண்ணி கூப்பிடுவார், நான் என்ன பதில் சொல்வது?

மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. பனிமூட்டத்துக்குள் வெள்ளைத் துணி போர்த்திய கிரீன்கள் அங்கங்கே தெரிந்தன. முதலில் கம்பியை எடுக்கவேண்டும். அது ஷெட் சாமான், கணக்கு கேட்பார்கள். எட்டிப் பார்த்தேன். நடுவில் வைத்த கம்பி ஒரு பக்கச் சுவரை ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு ஒதுங்கின மாதிரி. மண் சரிந்து உருண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே இறங்கினேன்.

மேலே குளிர் பல்லைக் கிட்டவைத்தது. உள்ளே கதகதப்பாக இருந்தது. காற்று இல்லை. கம்பியைக் கையில் எடுத்தேன், ஆனால் ஏறவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்தேன். பிறகு உட்கார்ந்தேன். காலை நீட்டினேன், சரியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு ஏறத் தோன்றவில்லை. விமானம் வேண்டாம், அட்டை வேண்டாம், அண்ணிக்குப் பதில் சொல்லவேண்டாம். எத்தனை நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

"அப்பா?"

ஜெசிந்தா மேலே நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்ததில் அவள் வாயிலிருந்து புகை வந்தது. கையில் என் போன். "பெரியம்மா அஞ்சு தடவ கால் பண்ணிட்டாங்க. வீடியோ கால். அங்க எல்லாரும் செமட்ரில இருக்காங்க." போனைப் பார்த்து, "இங்க இருக்காங்க பெரியம்மா, கீழ. பாருங்க" என்று கேமராவை என் பக்கம் திருப்பினாள்.

திரையில் மெழுகுவர்த்திகள் தெரிந்தன. நடுவில் அண்ணியின் முகம். தலையில் முக்காடு. அவர் என்னைப் பார்த்தார். மண் சுவர்களுக்கு நடுவே, காலை நீட்டி உட்கார்ந்திருந்த என்னை.

அந்த முகம் அப்படியே நின்றது. மறுபடி நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"எந்திரி" என்றார் அண்ணி. அடுத்து வந்த அலறலில் ஜெசிந்தா போனைக் கீழே விடப் பார்த்தாள். "எந்திரிடா! ஏறு மேல! ஒருத்தர அதுல உட்டுட்டு நான் படற பாடு பத்தாதா ஒனக்கு? ஏறுடா!"

என்னை அவர் ஒருநாளும் டா போட்டதில்லை.

"அண்ணி, இது வேலைங்க. மூடறதுக்குத்தான்…"

"வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ வர வேணாம், சாமி. மண்ணு நான் போட்டுக்கறேன். எவன் என்னா கேக்கறான்னு பாத்துக்கறேன். நீ மொதல்ல மேல ஏறு!"

ஜெசிந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். அவள் கையைப் பிடித்துத்தான் ஏறினேன். கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

அண்ணி போனைப் பக்கத்துக் கல்லறைச் சிலுவையில் சாய்த்துவைத்தார். அவர் சேலையை இடுப்பில் செருகுவது தெரிந்தது. பின்னால் யாரோ ஓர் ஆம்பளைக் குரல், "பொம்பளைங்க போடக் கூடாதும்மா" என்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடையைத் தூக்கி முதல் மண்ணைக் கொட்டினார். அண்ணன் மேல் மண் விழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். படம் நிற்கவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். பிறகு மண்வெட்டியை எடுத்து இந்தக் குழியை மூடத் தொடங்கினேன். ஜெசிந்தாவும் நான் சொல்லாமலே காலால் மண்ணைத் தள்ளினாள். மேடு வைக்கவில்லை. மட்டமாக மிதித்தேன்.

முடிந்தபோது அண்ணி மூச்சிரைக்கப் போனை எடுத்தார். அங்கே இருட்டிவிட்டிருந்தது. நெற்றியெல்லாம் மண்.

"மேல வந்துட்டியா?"

"வந்துட்டேனுங்கண்ணி. மூடியாச்சு."

அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் என்னை உற்றுப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை.

"கால காட்டு."

ஜெசிந்தா போனைக் கீழே இறக்கினாள்.

"ஷூவு வேணாம். கழட்டிட்டுக் காட்டு."

பனிப் புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன், சாக்ஸையும் உருவினேன். "எதுக்கு உங்க காலைப் பாக்கணும்ங்கறாங்க?" என்று ஜெசிந்தா சிரித்தபடி ஆங்கிலத்தில் கேட்டாள். ஆவிக்குக் கால் இருக்காது என்று ஊரில் சொல்வதை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. அவள் போனை என் பாதத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"வெரல ஆட்டு" என்றார் அண்ணி.

பத்து விரலையும் ஆட்டினேன்.